ஓரத்தில் எழுதுகிறவள்

"போதும் அழுதது. எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு" என்று சொல்லிக்கொண்டே ஜெபமலர் தையல் மெஷினின் பெடலை நிறுத்துகிறாள். எதிரில் ரவிக்கைத் துணியோடு நிற்கும் பெண் திகைத்துப் போகிறாள். சொன்னது அவளுக்கு அல்ல. மெஷின் பலகையின் மேல், ஊசிக்கு அந்தப் பக்கம் விரித்து வைத்திருக்கும் வாரப் பத்திரிகையின் தொடர்கதையில் அழுகிற பெண்ணுக்கு. கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை ஜெபமலர் உருவுகிறாள். அதன் ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சிவப்பால் ஓரத்தில் இரண்டு வார்த்தை கிறுக்குகிறாள். எழுந்து கடை வாசல்வரை போகிறாள். சேலம் லாரி ஒன்று தூசியை வாரி இறைத்துவிட்டுப் போவதைப் பார்க்கிறாள். திரும்பி வந்து, நின்றபடியே அடுத்த பத்தியைப் படிக்கிறாள். பிறகுதான், "உனக்கு என்ன சாமி வேணும்? கை வெச்சதா, கை இல்லாததா?" என்ற கேள்வி வருகிறது.

அவளால் ஒரு பக்கம் முழுவதையும் உட்கார்ந்து படிக்க முடியாது. வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. கழுத்தில் இஞ்சு டேப்பும் செபமாலையும் சேர்ந்து தொங்கும். பிறந்தது சேலம் அரிசிப்பாளையத்தில். கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, லாரி டிரைவர் யாகப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுப் புதுச்சத்திரத்துக்கு வந்தவள். யாகப்பன் மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருப்பான். "அவ உக்காந்து நான் பார்த்தது பூசையிலதானுங்க. அங்கயும் சாமியார் பிரசங்கம் ஆரம்பிச்சா எந்திரிச்சு வெளிய போயிருவா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். அவள் கோபப்பட மாட்டாள். "பிரசங்கம் நீளமுங்க. பாதியில வெட்டிட்டா நல்லாருக்கும்" என்பாள்.

அந்தத் தெருவுக்கு அந்தப் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான். வியாழக்கிழமை சேலம் பஸ்ஸில் வந்து இறங்கும். வாங்குகிறவர் அரிசி ஆலைக்கார முத்தாயம்மாள். முதல் நாள் அவர் வீட்டில், இரண்டாம் நாள் ஜெபமலர் வீட்டில், அப்புறம் நாளுக்கு ஒன்றாக இன்னும் ஐந்து வீடு. ஏழாம் நாள் முடிந்ததும் முத்தாயம்மாளிடமே திரும்பிவிடும். அவர் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து எடுத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்ய அடுக்கி வைப்பார். இரண்டாவது வீட்டைத் தாண்டியபின் அந்தப் பக்கங்களின் வெள்ளை ஓரம் வெள்ளையாக இருக்காது.

அவளுடைய குறிகளைத் தெரு முழுவதும் அறியும். நல்ல வரிக்குப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி. மனத்தைத் தொட்டுவிட்டால் வரி நெடுக, எழுத்துக்கு ஒன்றாக, செபமாலை மணி மாதிரி புள்ளிகள். மிகமிக அபூர்வமாக ஒரு நீல வட்டம். பொய் என்று பட்ட இடத்தில் சிவப்புக் கோடு. பக்கத்தின் மேலே எழுதினால் அது கதையைப் பற்றியது. பக்கவாட்டில் எழுதினால் கதையில் வரும் ஆட்களோடு சண்டை. அத்தியாயத்தின் அடியில் எழுதுவது எழுதினவருக்கு. அந்தத் தீர்ப்புகள் எல்லாம் கடை பாஷையில்தான் இருக்கும். ‘கை நீளம், உடம்பு பத்தல.’ ‘அளவெடுக்காம வெட்டினது.’ ‘தையல் வெளிய தெரியுது.’ ஒரு துப்பறியும் கதையின் கடைசியில், ‘ஊக்கெல்லாம் சரியா வெச்சீங்க. மாட்டறதுக்குக் கண்ணியக் காணோம்.’

நான்காவது வீட்டு ராமாயி கதையே படிப்பதில்லை. "கதை கெடக்குதுங்க, மலரு என்ன சொல்லியிருக்குது?" என்று ஓரத்தை மட்டும் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவாள்.

ஓரத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. ஏழு வீட்டுக்கும் போகிற காகிதம் ஆயிற்றே! ‘ராமாயி, ஜாக்கெட் தயார். மாவு மில்லுக்கு வர்றப்ப வாங்கிக்க.’ ‘வாத்தியார் வீட்டுக்கு: கழுத்து எறக்கம் எத்தனைன்னு சொல்லாமப் போயிட்டீங்க.’ அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், ‘ஆறு.’ கதைக்கு எழுதுவதும் தெருவுக்கு எழுதுவதும் ஒரே பென்சில், ஒரே ஓரம். அதில் ஒரு குழப்பமும் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது என் தங்கையால். அவள் வீடு அந்த வரிசையில் ஐந்தாவது. போன புரட்டாசியில் அவளோடு ஒரு மாதம் இருக்கலாம் என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து போயிருந்தேன். அந்தப் பத்திரிகையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர்கதை என்னுடையது. பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். ‘அழுதேன் அம்மா’, ‘விம்மினேன் அம்மா’ என்று வருகிற கடிதங்களைக் கட்டி வைக்க இடம் இல்லை. ஆனால் என் எழுத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து யாரும் என்னோடு பேசியதில்லை. பதினோராவது அத்தியாயத்தின் அடியில் சிவப்பில் இருந்தது: ‘தண்ணி ஜாஸ்தி. பிழிஞ்சு காயப் போடவும்.’

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன்.

"கையத் தூக்குங்க" என்றாள் டேப்பை உருவி. "நீங்கதானுங்களா அந்தக் கோகிலவேணியப் படைச்ச மகராசி?"

"ஆமாம்."

"முப்பத்தாறு." அளவைக் குறித்துக்கொண்டாள். "ஏனுங்க, அந்தப் புள்ள வேற என்ன வேலதான் செய்யும்? பதினோரு வாரமா அழுவுது. ஒரு நாளாவது ஒல வெச்சுதா, துணி தொவைச்சுதா? அழுவறவளுக்கும் பசிக்குமில்லீங்க?"

"கதையில் அதையெல்லாம் எழுதினால்..."

"திரும்புங்க. முதுகு."

திரும்பினேன். பின்னாலிருந்து அவள் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது. "ஒம்போதாவது வாரத்துல ஒரு எடம். அவ பொறந்த ஊட்டுக்கு வந்து நிக்கறா. ‘அம்மா ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டைக் கழுவி வைத்தாள்’னு எழுதினீங்க பாருங்க. அதச் சுத்தி வட்டம் போட்டேன். இந்த வருசத்துல அது ஒண்ணுதானுங்க வட்டம்."

அந்த வரி தபாலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் எழுதியது. அதற்கு முன்னும் பின்னும் நான் உயிரைக் கொடுத்து எழுதிய இரண்டு பக்கத்தின் மேல் அவள் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

பன்னிரண்டாவது அத்தியாயம் வந்தது. அடித்து விரட்டிய கணவனிடமிருந்து கோகிலவேணிக்கு ஒரு கடிதம் வருகிறது. ‘உடம்பு சரியில்லை. வா.’ அவ்வளவுதான். கொட்டும் மழையில், காலில் செருப்பு இல்லாமல், தாலியைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டு அவள் ஓடுகிறாள். அதை எழுதும்போது எனக்கே கண் மறைத்தது. ஜெபமலர் அந்தப் பத்தி முழுவதற்கும் சிவப்புக் கோடு போட்டாள். பக்கவாட்டில், வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘போகாதே. நான் செஞ்சது தப்புன்னு அவன் ஒரு வார்த்தை எழுதினானா? கூப்பிட்டதும் ஓடறதுக்கு நீ நாய்க்குட்டியா? போகாதே.’

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் பத்திரிகை மூன்றாவது வீட்டுக்குப் போயிற்று.

மூன்றாவது வீடு காளியண்ணனுடையது. கடலைக்காடு வைத்திருக்கிறவன். அவனுடைய தங்கை அத்தாயியைத் தை மாதம் ஜேடர்பாளையத்தில் கந்தவேல் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்த பெண், ஆவணி போய்ப் புரட்டாசி வந்தும் திரும்பிப் போகவில்லை. காரணம் அவள் முதுகில் இருந்தது. பால் குடத்தைக் கைதவறிப் போட்டதற்காக, மாமியார் பார்த்துக்கொண்டிருக்கக் கந்தவேல் மாட்டுக் கயிற்றால் அடித்த தழும்பு. வீட்டில்கூட அதைச் சரியாகப் பார்த்தவர்கள் இல்லை. ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது ஜெபமலர் பார்த்தாள்; மாட்டுக் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. அவளும் கேட்கவில்லை, அத்தாயியும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் ஜேடர்பாளையத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போக வருகிறோம் என்று. அத்தாயி ஒன்றும் சொல்லாமல் பெட்டி கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் என் ரவிக்கை ஆயிற்றா என்று கேட்கக் கடையில் இருந்தேன். காளியண்ணன் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, இது நீங்க எழுதினதுங்களா?"

"ஆமா சாமி. என்ன இப்ப?"

"நாளைக்கு ஜேடர்பாளையத்து ஒறம்பரை வாராங்க. மூணு நாளாப் பெட்டி கட்டி வெச்சிருந்தவ காத்தாலருந்து போகமாட்டேங்கறா. ஏன்னு கேட்டா இதக் காட்டறா. ‘மலரக்கா எம் முதுகப் பார்த்துது, அதான் போகாதேன்னு எனக்கு எழுதியிருக்குது’ங்கறா."

ஜெபமலரின் கை கத்தரியோடு அப்படியே நின்றது. "ஐயோ, சேசுவே! அது கதைக்கு எழுதினது சாமி. கோகிலவேணிக்கு."

"எனக்குத் தெரியுதுங்க. அவளுக்குத் தெரியோணுமில்லீங்க? போன வாரம் இதே எடத்துல ‘அத்தாயி, ஜாக்கெட் ஆச்சு, வந்து போட்டுப் பாரு’ன்னு எழுதினீங்க. அவ வந்து போட்டுப் பார்த்தா. இந்த வாரம் ‘போகாதே’ன்னு எழுதினா என்னன்னு நெனைப்பா?"

ஜெபமலர் கத்தரியைக் கீழே வைத்தாள். அவன் தணிந்தான். "நாளைக்கு வந்து நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. கதைக்கு எழுதினதுன்னு. அது போதும். முத்தாயம்மா வேற, இனிமே உங்க ஊட்டுக்குப் புஸ்தகம் வராதுன்னு சொல்லச் சொன்னாங்க." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்கம்மா. உங்க கதையில அந்தப் பொண்ணு போயிருச்சில்லீங்க? மழைன்னுகூடப் பார்க்காம ஓடுச்சில்லீங்க?"

"போய்விட்டாள்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அடுத்த அத்தியாயமும் அச்சுக்குப் போய்விட்டிருந்தது. அதில் அவள் அவன் காலடியில் உட்கார்ந்து கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள்.

காளியண்ணன் போனபின் ஜெபமலர் நிலைகொள்ளவில்லை. வாசலுக்குப் போனாள், வந்தாள். மெஷினில் நூல் பாபினை மாற்றினாள், பழையதையே திரும்பப் போட்டாள். என் துணியில் வலது கையை இரண்டு விரல் குறைவாக வெட்டிவிட்டு, வெட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "பொய் சொல்ல முடியாதுங்க. கதைக்குத்தான் எழுதினேன். அந்தப் புள்ள நெனப்பே எனக்கு அப்ப இல்ல." மறுபடி வாசல். "ஆனா அந்த முதுக நான் பார்த்திருக்கேனே! பார்த்துட்டு என்ன பண்ணினேன்? கழுத்து எறக்கத்த ஒரு இஞ்சு கொறைச்சு, தழும்பு தெரியாமத் தெச்சுக் குடுத்தேன். அதுதானுங்க நான் செஞ்சது."

"நாளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"தெரியலீங்க. புஸ்தகம் போனாப் போவட்டும். அந்தப் புள்ள என் கையெழுத்த நம்பி நிக்குதே."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பூசைக்குப் போகவில்லை. வாரா வாரம் அவளைக் கோயிலுக்கு ஏற்றிப்போகும் நாமக்கல் முதல் பஸ் அவள் கடை வாசலில் நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனதைத் தங்கை வீட்டிலிருந்து கேட்டேன்.

ஜேடர்பாளையத்துக்காரர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். காளியண்ணன் வாசலில் இரண்டு கயிற்றுக் கட்டில் போட்டிருந்தான். கந்தவேல் இருபத்தைந்து வயதுப் பையன். மீசையைத் தடவுவதும் காலைப் பார்ப்பதுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பேசுகிறவர் அவனுடைய தாய்மாமன். சாப்பாடு முடிந்து வெற்றிலையும் போட்டாயிற்று. அத்தாயியின் தகரப் பெட்டியைக் கொண்டுபோய் மூன்று மணி பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் வைத்துவிட்டார்கள். அத்தாயி மட்டும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். தெருக்காரர்களோடு நானும் ஓரமாக நிற்க, ஜெபமலர் வாசலுக்கு வந்தாள்.

"நீதான் அந்தப் பேனாக்காரியா அம்மிணி?" என்றார் தாய்மாமன்.

"பென்சிலுங்க" என்றாள் ஜெபமலர்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி, பென்சிலு. கதைக்கு எழுதினியா, எங்க மருமவளுக்கு எழுதினியா? அதச் சொல்லு."

ஜெபமலர் உள்ளே பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் இவள் வாயிலேயே இருந்தது. ஒரு சின்னப் பொய் சொல்லிவிடேன் என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

"கதைக்குங்க" என்றாள்.

"நெசமாவே எனக்கு எழுதலீங்களா அக்கா?" உள்ளேயிருந்து வந்த குரல் உடைந்திருந்தது.

"இல்ல சாமி. உனக்கு எழுதல."

காளியண்ணன் மூச்சு விட்டான். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பறம் என்ன, கெளம்பு அம்மிணி. பஸ்ஸு வந்துரும்."

"ஒரு நிமிசம் இருங்க" என்றாள் ஜெபமலர். "அது அவளுக்கு எழுதலீங்க. ஆனா அவளுக்கு வந்த லெட்டர நான் இன்னும் படிக்கலியே! அத்தாயி, அதக் கொண்டா."

அத்தாயி இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஜெபமலர் கட்டிலுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் நடந்துகொண்டே படித்தாள். கதை படிக்கிற அதே முகம். முடித்ததும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"எரும கன்னு போட்டது ரெண்டு வரி. அம்மாவுக்கு முழங்கால் வலி மூணு வரி. கரும்பு வெட்டுக்கு ஆள் இல்லைன்னு ஒண்ணு. ஞாயித்துக்கெழம வாரோம்னு ஒண்ணு. இதுல இந்தப் புள்ள எங்க இருக்குதுங்க?"

கந்தவேல் முதல்தடவையாக வாயைத் திறந்தான். "எனக்கு எழுத வராதுங்க. வாத்தியார் எழுதினதுங்க."

"சரி மாப்பிள்ள, எழுத வேண்டாம். இதா எதுத்தாப்புலதான் நிக்கறா. வாயால சொல்லுங்க. அந்த மாட்டுக் கயித்தப் பத்தி ஒரே ஒரு வார்த்தை."

அவன் நிமிர்ந்து அத்தாயியைப் பார்த்தான். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். உதடு அசைந்தது. அப்போது தாய்மாமன் தொண்டையைக் கனைத்தார். "ஆம்பளைய நடுவாசல்ல நிக்க வெச்சுக் கேக்கற கேள்வியா இது?" என்றார். அந்தப் பையன் மறுபடி காலைப் பார்த்துக்கொண்டான்.

வடக்கே திருப்பத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"மலரக்கா எனக்கு எழுதாட்டிப் போவுது" என்றாள் அத்தாயி. இப்போது குரல் உடையவில்லை, நடுங்கத்தான் செய்தது. "ரெண்டாந்தடவ படிக்கறப்பவே அது அந்தக் கோகிலவேணிக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. யாருக்கு எழுதினா என்ன, எனக்குப் பொருந்துச்சு. இப்ப நானே சொல்றேன். நான் போகலீங்க அண்ணா."

"ஏ புள்ள!" என்று காளியண்ணன் எழுந்தான். அவன் கண் தங்கையின் முதுகுப்பக்கம் போய்த் திரும்பியது. தாய்மாமன் எழுந்தார். மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். என்னென்னவோ வார்த்தைகள் வந்தன. பத்திரிகை, பள்ளிக்கூடம், வேதக்காரி, பொம்பளைக்குப் படிப்பு எதற்கு என்று.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கினார். இங்கே நடப்பது அவருக்குத் தெரியாது. ரோட்டோரத்துத் தகரப் பெட்டியைப் பார்த்ததும் மேலே ஏற்றக் குனிந்து கைப்பிடியைப் பிடித்தார்.

ஜெபமலர் கட்டில்களுக்கு நடுவில் புகுந்து ரோட்டுக்குப் போனாள். "உடுங்க" என்றாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபடி, பேசிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி வந்து, நிலைப்படியில் ஒதுங்கி நின்ற அத்தாயியையும் தாண்டி உள்ளே போனாள். பெட்டியை நடுவீட்டில் இறக்கி, தாழ்ப்பாளை நீக்கி, மடித்து வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள்.